தங்க முலாம் பூசின ஆப்டிகல் கேபிள் வாங்கணுமா?

கேள்வி: சார், புதுசா ஒரு சவுண்ட்பார் வாங்கியிருக்கேன். டிவி பழசு, எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவி சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிள் வழியா சவுண்ட்பாருக்கு அனுப்புற வசதி) இல்ல, ஆப்டிகல் அவுட் மட்டும்தான் இருக்கு. கேபிள் தேடினா ஒண்ணு சல்லிசா இருக்கு, இன்னொண்ணு அதுக்குப் பத்து மடங்கு விலை, தங்க முலாம் பூசினதாம். சவுண்ட்பாருக்கே கையில இருந்த காசு போயிடுச்சு. சல்லிசானதை வாங்கினா சத்தம் சுமாராத்தான் இருக்குமா?

பதில்: சல்லிசானதையே தைரியமா வாங்குங்க. அந்தக் கேபிளுக்குள்ள கரண்டே போறதில்ல, வெளிச்சம்தான் போகுது. 1983ல தோஷிபா கம்பெனி சிடி பிளேயரை ஆம்ப்ளிஃபயரோட சேர்க்க இதைக் கொண்டு வந்துச்சு, தோஷிபா லிங்க்ங்கறதைச் சுருக்கி டாஸ்லிங்க்னு பேர் வந்ததும் அதனாலதான். டிவி பக்கம் ஒரு சிவப்பு எல்இடி கண்ணால பார்க்க முடியாத வேகத்துல எரிஞ்சு அணையுது, அந்த வெளிச்சம் 1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பிளாஸ்டிக் இழை வழியா ஓடி சவுண்ட்பாருக்குப் போகுது, அவ்வளவுதான் விஷயம். தங்க முலாம் எதுக்குன்னா உலோகமும் உலோகமும் தொடுற இடத்துல துரு பிடிக்காம இருக்க. இங்க அப்படித் தொடுற வேலையே இல்லையே, அப்புறம் அதுக்கு ஏன் காசு கொடுக்கணும்?

சத்தம் சுமாரா வருமோங்கற பயமும் வேண்டாம். போறது எல்லாம் டிஜிட்டல், வெளிச்சம் ஒழுங்கா போய்ச் சேர்ந்தா விலை கூடின கேபிள்ல வர்ற அதே பாட்டுதான் இதுலயும் வரும், பேஸ் குறையறது குரல் மங்கறதெல்லாம் கிடையாது. கேபிள் சரியில்லன்னா அது வேற மாதிரி தெரியும், டிக் டிக்னு சத்தம் வரும், நடுநடுவுல கட் ஆகும், இல்லன்னா ஒண்ணுமே வராது.

அதனால விலையை விட்டுட்டு நீளத்தைப் பாருங்க. டிவிக்கும் சவுண்ட்பாருக்கும் நடுவுல கேபிள் போற வழியிலேயே ஒரு நூலை வச்சு அளந்து, அதோட ஒரு முழம் கூட்டிக்குங்க. 5 மீட்டர் வரைக்கும் சாதாரண பிளாஸ்டிக் கேபிளே போதும், 10 மீட்டர்னா வெளிச்சம் மங்கிப் போக வாய்ப்பு இருக்கு, அங்க மட்டும் கொஞ்சம் நல்லதா பார்க்கலாம். வாங்குறப்பவே ரெண்டு முனையிலயும் இருக்குற சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழட்டிட்டு ஒரு முனையை லைட்டுக்கு நேரா பிடிங்க, மறுமுனையில ஒரு புள்ளி பளிச்னு தெரியணும். பிளக் போர்ட்ல டக்னு உட்காரணும், லொடலொடன்னு ஆடினா வேண்டவே வேண்டாம். சில சின்ன சாதனங்கள்ல ஹெட்ஃபோன் ஓட்டை மாதிரி உருண்டையா மினி போர்ட் இருக்கும், உங்க ரெண்டுலயும் சதுரம்தானான்னு ஒரு தடவை பார்த்துக்குங்க.

வாங்கின பிறகு முக்கியமானது மடிப்பு. எங்க வீட்டுல சத்தம் விட்டு விட்டு வந்துச்சு, கேபிள் போயிடுச்சுன்னே நினைச்சேன், பின்னாடி எட்டிப் பார்த்தா டிவியைச் சுவரோட ஒட்டித் தள்ளினதுல பிளக் பக்கத்துலயே கேபிள் சட்டுனு மடிஞ்சு கிடந்துச்சு. டிவியை நாலு விரல் முன்னாடி இழுத்தேன், சரியாயிடுச்சு. உள்ள இருக்குற இழை ஒடிஞ்சா ஒட்ட வைக்க முடியாது, அதனால வளைச்சா பெரிய வளையமா வளைங்க, இறுக்கிக் கட்டாதீங்க.

கேள்வி: என்கிட்ட ஏற்கெனவே ஆப்டிகல் கேபிள் இருக்கு. மாட்டினா சத்தமே வரல. கேபிள் கோளாறா?

பதில்: டிவியை ஆன்ல வச்சுட்டு சவுண்ட்பார் பக்க முனையை மட்டும் உருவி உள்ளங்கைக்கு நேரா பிடிங்க. சிவப்பு வெளிச்சம் விழுந்தா பெரும்பாலும் கேபிள் நல்லா இருக்குன்னு அர்த்தம், சவுண்ட்பார்ல ஆப்டிகல் இன்புட் செலக்ட் ஆகியிருக்கான்னு பார்த்துட்டு டிவியோட சவுண்ட் செட்டிங்ல டிஜிட்டல் அவுட்டை பிசிஎம்னு (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) மாத்திப் பாருங்க. அதுல ஸ்டீரியோதான் வரும், சவுண்ட்பார் டால்பி டிஜிட்டலை (சுருக்கி அனுப்புற சரவுண்ட் ஒலி) எடுத்துக்கும்னா அதுக்கு மாத்தினா 5.1, அதாவது ஆறு சேனல் வரைக்கும் வரும். ட்ரூஎச்டி மாதிரி பெரிய ஃபார்மேட் எதுவும் இந்த வழியில போகாது, எவ்வளவு விலை கேபிள் போட்டாலும் அது அப்படித்தான்.