வீட்டோடு இருந்தவரை அனுப்பும்போது: கேள்வி பதில்

பாலக்காடு, பொள்ளாச்சி எல்லைப் பக்கத்தில் வீட்டோடு தங்கி வேலை செய்யும் பெண்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் நடுவே பேசிக் கணக்குத் தீர்த்து வைப்பதைப் பதினெட்டு வருடமாகச் செய்து வருகிறேன். அதற்கு முன் நானும் வீட்டோடு தங்கி வேலை செய்தவள். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பற்றியவை: இனி வேலை இல்லை என்பதை எப்படிச் சொல்வது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு மகள்: அக்கா, மீனாட்சிபுரத்துப் பெரியம்மா ஒருவர் ஏழு வருடம் எங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்டார். அம்மா தவறிப் பத்து நாள் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கோவைக்குத் திரும்ப வேண்டும். காரியத்தன்று சொந்தக்காரர்கள் இருக்கும்போதே சொல்லிவிடலாமா?

வேண்டாம் கண்ணு. அன்றைக்கு அவர் அத்தனை பேருக்கும் சமைத்துக்கொண்டு நிற்பார். இன்றோ நாளையோ, பகலில், நீங்கள் மட்டும் அவரோடு உட்கார்ந்து சொல்லுங்கள். உங்கள் அம்மாவை எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தால் மூச்சு வாங்காது என்று தெரிந்தவர் அவர். அவருக்கும் இது இழவு வீடுதான். அதை முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம், "வீட்டைப் பூட்டுகிறோம், இன்ன தேதியோடு வேலை முடிகிறது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். "பார்க்கலாம், யோசிக்கிறோம்" என்று இழுத்தால் அவர் நம்பிக்கையோடு காத்திருப்பார்.

பகலில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு வீட்டில் என்னிடம் ராத்திரிச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி வைத்த பிறகு சொன்னார்கள். காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பச் சொன்னார்கள். யாருக்கும் போன் செய்ய முடியவில்லை. விடியும்வரை துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டோடு இருப்பவருக்கு வேலை போகும் அன்றே கூரையும் போகிறது. அதனால் "எங்கே போவீர்கள்?" என்று கேட்டுவிட்டுத் தேதி வையுங்கள். தம்பி வீட்டுக்குப் போவதென்றாலும் அங்கே சொல்லி, ஓர் அறையை ஒழித்து வைக்க நாள் வேண்டும். வீட்டு வேலைக்கு இத்தனை நாள் நோட்டீஸ் என்று நம் சட்டத்தில் தெளிவாக இல்லை. ஆனால் 2011-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 201-ஆம் பரிந்துரை இதைத்தான் சொல்கிறது: முன்கூட்டியே சொல்ல வேண்டும், வேறு வேலையும் தங்க இடமும் தேட அந்த நாட்களில் அவருக்கு நேரம் விட வேண்டும். என் கணக்கில் ஒரு மாதம் குறைந்தபட்சம். அதற்குள் பூட்டியே ஆக வேண்டுமென்றால் அந்த மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

சித்தூரிலிருந்து (பாலக்காடு): எங்கள் வீட்டிலும் ஏழு வருடம் இருந்தவர்தான். சம்பளம் 12,000. கடைசியில் எவ்வளவு கொடுப்பது நியாயம்? புதுப் புடவையும் ஐயாயிரமும் நினைத்திருக்கிறோம்.

புடவை உங்கள் பிரியம், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் ஒரு வழி காட்டியது. ஐந்து வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். மாதத்தை 26 நாளாக வைத்து வகுக்க வேண்டும். பத்துப் பேராவது வேலை செய்யும் இடங்களுக்கான சட்டம் அது, உங்கள் வீட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். 12,000-ஐப் 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் 6,923. ஏழு வருடத்துக்கு ஏறத்தாழ 48,460 ரூபாய். மொத்தமாக முடியாவிட்டால் இரண்டு தவணையாகக் கொடுங்கள், தேதியை எழுதிக் கொடுங்கள். பாக்கிச் சம்பளம் இதில் சேராது. எடுக்காத லீவுக்கும் தனியாகக் கணக்குப் பாருங்கள். ஓணத்துக்கோ தீபாவளிக்கோ வழக்கமாகக் கொடுக்கும் பணம் நெருங்கியிருந்தால் அதையும் கொடுத்து அனுப்புங்கள். வாங்கிய அட்வான்ஸைப் பிடிப்பதானால் முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். பஸ் ஏறும் நேரத்தில் சொல்லாதீர்கள்.

வாளையாறிலிருந்து: ஏஜென்சி மூலம் வந்த ஒடிசாப் பெண். பதினொரு மாத ஒப்பந்தம், ஐந்தாம் மாதமே நிறுத்துகிறோம். ஏஜென்சிக்குச் சொன்னால் போதும்தானே?

போதாது தம்பி. முதலில் அந்தப் பெண்ணிடம், அன்றைக்கே ஏஜென்சிக்கு எழுத்தில். அவர் மொழி தெரிந்த யாரையாவது போனில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வேலை செய்த நாட்களின் சம்பளம் அவர் கைக்கோ அவர் பேரில் உள்ள கணக்குக்கோதான் போக வேண்டும். ஊருக்குத் திரும்புவதாக இருந்தால் டிக்கெட் உங்கள் செலவு. ரிசர்வேஷன் கிடைக்கும் தேதியையே கடைசித் தேதியாக வையுங்கள்.

கொல்லங்கோட்டிலிருந்து: கிளம்பும்போது பையைப் பார்ப்பது தப்பா? ஆதார் அட்டையும் எங்களிடம்தான் இருக்கிறது.

தப்புத்தான். உண்மையாகவே ஏதாவது காணாமல் போயிருந்தால் அதற்குப் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. சந்தேகத்துக்காகச் சம்பளத்தை நிறுத்தக் கூடாது. ஆதாரை இன்றே திருப்பிக் கொடுங்கள், அது அடமானப் பொருள் இல்லை.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு தங்கை: அக்கா, நான்தான் வேலை செய்கிறவள். வருகிற மாதத்தோடு நிறுத்துவதாகச் சொல்லிவிட்டார்கள். நான் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

எத்தனை வருடம் இருந்தாய், என்னென்ன வேலை செய்தாய் என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்தும் போன் நம்பரும் வாங்கிக்கொள். அடுத்த வீட்டில் அந்தத் தாள் பேசும். வாரத்தில் ஒரு நாள் வேலை தேட வெளியே விடச் சொல். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. பதிவு செய்யாவிட்டால் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுச் செய்துவிடு. 16 முதல் 59 வயதுவரை, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவும் செய்யலாம். ஆதாரும் ஆதாரோடு இணைத்த போனும் கொண்டு போ. உன் பெட்டியை மூன்று நாள் முன்பே அடுக்கத் தொடங்கு. வருடக்கணக்காக இருந்த இடத்தில் உன் சாமான் எங்கெங்கோ இருக்கும்.

மறுபடியும் சித்தூர்: நான்கு வயது மகன் அவரிடமே தூங்கிப் பழகியவன். அவன் பள்ளிக்குப் போன நேரம் அனுப்பிவிடலாமா?

அப்படிச் செய்யாதீர்கள். சாயங்காலம் வந்து அவன் வீடு முழுக்கத் தேடுவான். ஒரு வாரம் முன்பே அவனுக்குச் சொல்லுங்கள், ராத்திரி தூங்க வைக்கிற வேலையை நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் அவனையும் கூட்டிக்கொண்டு காரில் அவர் வீட்டு வாசல்வரை போய் விட்டு வாருங்கள். அவர் இருக்கும் இடத்தை அவன் கண்ணால் பார்க்கட்டும்.