முதலில் சீப்பு, அப்புறம்தான் குளியல்

கேள்வி: எங்கள் பூடில் நாய்க்குத் தினமும் பிரஷ் செய்கிறேன். ஆனாலும் குளிப்பாட்டியதும் முடி கட்டி கட்டியாகச் சிக்கிக்கொள்கிறதே, ஏன்?

பதில்: பிரஷ் மேல்முடியை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறது, அதனால்தான். சுருள் முடியில் உதிர்ந்த முடி கீழே விழாமல் உள்ளேயே தங்கிவிடும், அதில் தண்ணீர் பட்டால் சின்னச் சிக்குகூட இறுகிக் கம்பளி மாதிரி ஆகிவிடும். குளியலுக்கு முன்பே, தோல் தெரிகிற அளவுக்கு வகிடு எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக பிரஷ் செய்யுங்கள். அப்புறம் உலோகச் சீப்பு தடையில்லாமல் ஓடுகிறதா பாருங்கள். காதுக்குப் பின்னால், அக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில் கட்டாயம். சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடாதீர்கள், தோலும் கூடவே இழுபட்டு மேலே வந்திருக்கும், பாவம், காயமாகிவிடும். விரலால் மெதுவாகப் பிரியுங்கள். குளித்தபின் அடிமுடி வரை நன்றாக உலர்த்துங்கள், குறைந்த சூட்டில், பிரஷ் செய்துகொண்டே.