வாத்தியார் பதில்கள்: போனவர்களும் அனுப்பப்பட்டவர்களும்

சென்ற இதழில், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் நட்சத்திரம் ஒருவர் அணி மாறியதைப் பற்றி, "கெவின் டுராண்ட் ஓக்லஹோமாவை விட்டுப் போனதில் குற்றம் ஒன்றும் இல்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். கேட்கப்பட்டது வேறு கேள்வி. பதிலின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்த வரி அது. இந்த மாதத் தபால் முழுவதும் அந்த வாலைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. சத்தியமங்கலத்திலிருந்து வந்த அஞ்சலட்டையில் இருந்தவை இரண்டே சொற்கள்: "துரோகம் துரோகம்தான்." ஆகவே முழங்கால் வலிக்கும் காலணிக்கும் யோசனை கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

● ஒரே சீசனில் 73 ஆட்டங்களை வென்ற அணி, அதுவும் தன்னைத் தோற்கடித்த அணி. அதிலேயே போய் ஒட்டிக்கொண்டவரை எப்படி ஆதரிக்கிறீர்கள்?
– பொறியியல் மாணவர், பெருந்துறை

ஆதரிக்கவில்லை தம்பி, குற்றம் இல்லை என்றுதான் சொன்னேன். 2016 மே மாதம் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரான தொடரில் மூன்றுக்கு ஒன்று என்று முன்னிலையில் இருந்த ஓக்லஹோமா, அதைக் கோட்டைவிட்டது. ஜூலை 4ஆம் தேதி டுராண்ட் அதே கோல்டன் ஸ்டேட்டுக்குப் போவதாக அறிவித்தார். பார்க்க அழகாக இல்லை. அடுத்த இரண்டு ஆண்டும் கோப்பை யாருக்கு என்பது சீசன் தொடங்கும்போதே தெரிந்துபோயிற்று. எனக்கும் ஆட்டம் பார்க்கும் ருசி குறைந்தது.

ஆனால் 2007இல், அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களை எடுக்கும் தேர்வில், அவரைத் தேர்ந்தெடுத்தது ஓக்லஹோமா இல்லை, சியாட்டில். 41 ஆண்டுகள் அந்த நகரத்தில் ஆடிய அணியை, அரங்கத் தகராறை முன்னிட்டு, 2008இல் உரிமையாளர்கள் பெயர்த்தெடுத்து ஓக்லஹோமா சிட்டிக்குக் கொண்டுபோனார்கள். தாத்தா காலத்திலிருந்து கைதட்டிய சியாட்டில்காரரை ஒரு வார்த்தை கேட்டார்களா? 19 வயது டுராண்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கூடவே போனார். அணியே ஊரை விட்டுப் போனால் அதற்குப் பெயர் தொழில். எட்டு சீசன்கள் அங்கே ஆடி, ஒப்பந்தம் முடிந்த பிறகு ஆள் போனால் அதற்குப் பெயர் துரோகம். இந்தக் கணக்கை எனக்கு யாராவது விளக்குங்கள்.

இன்னொரு சங்கதி. அத்தனை பலமான அணிக்கு டுராண்டை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் அணிகளின் சம்பள உச்சவரம்பு அந்த ஒரே கோடையில் 7 கோடி டாலரிலிருந்து 9.4 கோடி டாலருக்குத் தாவியது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம் என்று லீக் நிர்வாகம் சொன்னது. வீரர்கள் சங்கம் ஒப்பவில்லை. போதாக்குறைக்கு கோல்டன் ஸ்டேட்டின் நட்சத்திரம் ஸ்டெஃப் கரி, கணுக்கால் காயங்களால் அவதிப்பட்ட நாளில் போட்ட மலிவான ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1.2 கோடி டாலருக்கே ஆடிக்கொண்டிருந்தார். இரண்டும் சேர்ந்து வாசலைத் திறந்துவைத்தன; டுராண்ட் உள்ளே நுழைந்தார். இப்போது உச்சவரம்பு ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற முடியாது. அப்படி ஒரு வாசல் இனித் திறப்பது கடினம்.

● ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய அணிக்குப் போகும் ஃப்ரீ ஏஜென்சி என்ற உரிமையை அமெரிக்க முதலாளிகள் மனமுவந்து கொடுத்தார்களா?
– நூற்பாலைத் தொழிற்சங்கக்காரர், பல்லடம்

பதில் தெரிந்தே கேட்கிறீர்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரர் பழைய அணிக்கே கட்டுப்பட்டவர் என்பதுதான் அந்நாளைய நடைமுறை. 1970இல் வீரர்கள் சங்கத் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் பெயரில் வழக்குப் போட்டார்கள். அது 1976இல்தான் சமரசத்துக்கு வந்தது. ராபர்ட்சனோ 1974இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவர் வாங்கிக் கொடுத்ததை அவர் அனுபவிக்கவில்லை. உங்கள் சங்கத்திலும் அப்படிச் சிலர் இருந்திருப்பார்கள்.

தடையற்ற உரிமை வந்தது அதற்கும் பிறகு, 1988இல். அதை முதலில் பயன்படுத்திக்கொண்டவர் டாம் சேம்பர்ஸ். சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸுக்குப் போனார். இன்றும்கூட முதல் சுற்றில் எடுக்கப்பட்ட இளைஞர் நான்கு ஆண்டு முடித்ததும் முழுதாகச் சுதந்திரம் பெற்றுவிடுவதில்லை. வேறு அணி தரும் தொகையைத் தானும் தருவதாகச் சொல்லிப் பழைய அணி அவரைத் தக்கவைத்துக்கொள்ளலாம்.

● ஆட்டக்காரர்களை அணிகள் கைமாற்றிக்கொள்ளும் என்.பி.ஏ. டிரேடுக்கும் எங்கள் ஊர் மாட்டுச் சந்தைக்கும் என்ன வித்தியாசம்?
– தேங்காய் வியாபாரி, பொள்ளாச்சி

சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. அங்கே ஒவ்வொருவர் சம்பளமும் உலகத்துக்கே தெரியும். இங்கே ரொக்கத்தைக் கொடுத்து மாட்டை ஓட்டிக்கொண்டு போகலாம். அங்கே உச்சவரம்பைத் தாண்டிய அணி ஓர் ஆளை வாங்க வேண்டுமானால், அவர் சம்பளத்துக்கு ஏறக்குறைய ஈடான சம்பளத்தை அனுப்பியாக வேண்டும். பெரிய நட்சத்திரம் இடம் மாறும்போது பெயர் தெரியாத இரண்டு மூன்று பேர் கூடவே மூட்டை கட்டுவது அதனால்தான்.

லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்ட 2023 உடன்பாட்டுக்குப் பிறகு பிடி இன்னும் இறுகிவிட்டது. அணியின் மொத்தச் சம்பளத்துக்கு 'இரண்டாவது ஏப்ரன்' என்ற கோடு ஒன்று இருக்கிறது. 2025–26க்கு அது ஏறத்தாழ 20.8 கோடி டாலர். அதைத் தாண்டிய அணி இரண்டு பேரின் சம்பளத்தைக் கூட்டிக்காட்டி ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது. 2024இல் கோப்பை வென்ற பாஸ்டன், அடுத்த கோடையிலேயே ஜ்ரூ ஹாலிடேயையும் போர்சிங்கிஸையும் வேறு அணிகளுக்கு அனுப்பியது பெரும்பாலும் இந்தக் கோட்டுக்குப் பயந்துதான்.

● நான் டல்லாஸ் ரசிகன். காதர்பேட்டையில் வாங்கிய லூகா டான்சிச் 77ஆம் எண் பனியனை இப்போது என்ன செய்வது?
– மொபைல் கடைக்காரர், மேட்டுப்பாளையம்

போட்டுக்கொள்ளுங்கள். லேக்கர்ஸிலும் அவர் எண் 77தான், நிறம் மட்டும் மாறியிருக்கிறது.

உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. 2025 பிப்ரவரி 2, இங்கே ஞாயிற்றுக்கிழமை முற்பகல். கறிக்கடையில் வரிசையில் நிற்கும்போது, டல்லாஸ் அவரை லேக்கர்ஸுக்கு அனுப்பிவிட்ட செய்தி வந்தது. யாரோ விளையாட்டுக்கு அனுப்பியது என்றே எல்லோரும் நினைத்தோம். முந்தைய ஆண்டு அணியை இறுதிப்போட்டிவரை கொண்டுபோன 25 வயது ஆட்டக்காரர். அணியை மாற்றுங்கள் என்று அவர் கேட்கவும் இல்லை. ஆந்தனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029இன் முதல் சுற்றில் ஒரு புதுமுகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆகியவற்றுக்காக அவரை அனுப்பிவிட்டார்கள். அதே அணியில் இருந்திருந்தால் ஐந்து ஆண்டுக்கு 34.5 கோடி டாலர்வரை ஒப்பந்தம் போடும் தகுதி அவருக்கு வந்திருக்கும். டிரேடு ஆனதும் அந்தத் தகுதியும் போயிற்று.

சத்தியமங்கலத்து அஞ்சலட்டைக்காரருக்கும் இதையே பதிலாக வைக்கிறேன். 2017இல் தங்கை விபத்தில் இறந்த மறுநாளே பாஸ்டனுக்காகக் களம் இறங்கி, இடுப்புக் காயத்தோடு ஆடிய ஐசையா தாமஸை, அந்த ஆகஸ்டிலேயே அணி வேறிடம் அனுப்பியது. டொராண்டோதான் என் ஊர் என்று ஒன்பது சீசன்கள் ஆடிய டெமார் டிரோசனை 2018இல் அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே டொராண்டோ கோப்பையை வென்றது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். அந்த நிர்வாகங்களுக்கு யாரும் அஞ்சலட்டை போட்டதாகத் தெரியவில்லை.

டல்லாஸில் மட்டும் ரசிகர்கள் விடவில்லை. அரங்கமே மேலாளரைப் பதவி நீக்கச் சொல்லிக் கத்தியது, நவம்பரில் நீக்கினார்கள். நடுவில் 1.8 சதவீத வாய்ப்பே இருந்த புதுமுகத் தேர்வுக் குலுக்கலில் முதலிடம் விழுந்து கூப்பர் ஃபிளாக் கிடைத்தார். அந்த அதிர்ஷ்டத்தை யாருடைய திறமைக் கணக்கிலும் எழுதாதீர்கள்.

● ஜூலை 1 அதிகாலை மூன்றரை மணிக்கு அலாரம் வைத்து எழுகிறேன். வீட்டில் திட்டுகிறார்கள். தேவையா?
– ஜவுளிக் கடை ஊழியர், ஈரோடு

தேவையில்லை. அமெரிக்காவில் ஜூன் 30 மாலை ஆறு மணிக்கு ஃப்ரீ ஏஜென்சிப் பேச்சு தொடங்குகிறது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் கையெழுத்து விழ ஜூலை 6 ஆகிவிடும். அதற்குள் மனம் மாறலாம். 2015இல் டல்லாஸுக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்த டிஆண்ட்ரே ஜோர்டானை, பழைய அணியான கிளிப்பர்ஸின் கூட்டாளிகள் ஹூஸ்டனில் அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து மனம் மாற்றி, நள்ளிரவில் கையெழுத்து வாங்கினார்கள். நீங்கள் நன்றாகத் தூங்கி எழுந்து காலைப் பலகாரத்தோடு படித்தால் போதும்.

● பெண் ஆட்டக்காரர்களுக்கும் ஃப்ரீ ஏஜென்சி உண்டா? அதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லையே?
– பதினோராம் வகுப்பு மாணவி, அவிநாசி

உண்டு, அம்மிணி. சண்டை குறைவாக இருப்பதற்குக் காரணம், பணம் குறைவாக இருந்ததுதான். 2024இல் முதல் ஆளாகத் தேர்வான கெய்ட்லின் கிளார்க்கின் முதல் ஆண்டு அடிப்படைச் சம்பளம் 76,535 டாலர். அதே ஆண்டு ஆண்களில் முதலாவதாகத் தேர்வானவருக்கு 1.2 கோடி டாலருக்கு மேல். அதனால் பல ஆண்டுகளாக அமெரிக்க வீராங்கனைகள் குளிர்காலத்தில் துருக்கி, ரஷ்யா, சீனா என்று போய் ஆடிச் சம்பாதித்தார்கள். டயானா டவ்ராசிக்கு அவருடைய ரஷ்ய கிளப், 2015இல் அமெரிக்க சீசனில் ஆடாமல் ஓய்வெடுப்பதற்கே பணம் கொடுத்தது, அவரும் ஓய்வெடுத்தார். அமெரிக்க லீக்கின் முகத்தில் விழுந்த அதைவிடப் பெரிய அறை எனக்கு நினைவில் இல்லை.

நம் பக்கத்துக்கு வந்தால், இந்திய அணித் தலைவியாக இருந்து 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர். அவருடைய பேட்டிகளைத் தேடிப் படி.

● என் மகன் ஆறடி நான்கு அங்குலம், கல்லூரி அணியில் ஆடுகிறான். விளையாட்டு ஒதுக்கீட்டில் வங்கி வேலைக்கு முயலலாம் என்கிறார்கள். அவனோ தொழில்முறை லீக், வெளிநாடு என்கிறான். நம் ஊரிலும் ஃப்ரீ ஏஜென்சி வருமா?
– மஞ்சள், வாழை விவசாயி, கோபிசெட்டிபாளையம்

அண்ணா, மற்றக் கடிதங்கள் பொழுதுபோக்கு. உங்களுடையது ஒரு பையனின் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கோவையில் பி.எஸ்.ஜி. கோப்பைக்கோ நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்கோ அவனைக் கூட்டிக்கொண்டு போய் உட்காருங்கள். பனியன்களில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கடற்படை, ராணுவம், கேரள மின்வாரியம். நம் நாட்டில் நல்ல ஆட்டக்காரரை வாங்குவது நகரம் அல்ல, அலுவலகம். ஒருமுறை சேர்ந்துவிட்டால் ஓய்வுபெறும்வரை அதுதான் அணி. முப்பத்தைந்து வயதில் முழங்கால் போனாலும் மேசையும் சம்பளமும் போகாது. இந்தப் பாதுகாப்பு என்.பி.ஏ.வின் கடைசி நாற்காலிக்காரருக்குக் கிடையாது; பத்து நாள் ஒப்பந்தத்தில் ஆடும் ஆட்களும் அங்கே உண்டு.

விலையும் உண்டு. பேரம் பேசும் பலம் பையனுக்கு ஒரே ஒருமுறைதான், கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய நாள். அதன் பிறகு இன்னோர் அணி கூப்பிட்டால், வேலையை விட்டுவிட்டுப் போகிறாயா என்று வீட்டிலேயே முதலில் கேட்பார்கள். நீங்களும் கேட்பீர்கள்.

வெளிநாட்டுக் கனவைப் பழிக்க மாட்டேன். பஞ்சாபின் சத்னாம் சிங்கை 2015இல் டல்லாஸ் 52ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது, என்.பி.ஏ. தேர்வில் இடம்பெற்ற முதல் இந்தியர். ஆனால் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. பிறகு மல்யுத்தக் காட்சிக்குப் போய்விட்டார். அவர் உயரம் ஏழடிக்கு மேல். 2017இல் விசேஷ் பிருகுவன்ஷியை அடிலெய்டும் அம்ரித்பால் சிங்கை சிட்னியும் ஆஸ்திரேலிய லீக்குக்கு எடுத்தன. இருவரும் அப்போது இந்திய அணியின் தூண்கள். அந்த விசேஷ், எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யின் ஊழியர். வேலையைக் கையில் வைத்துக்கொண்டே வெளிநாட்டுக் கதவைத் தட்டலாம் என்பதற்கு அவரைக் காட்டுங்கள்.

உங்கள் மகன் ஆறடி நான்கில் நம் ஊர்ப் பேருந்தில் தலை குனிய வேண்டியவன். வெளிநாட்டு அணியில் அது பந்தை ஏந்திவரும் ஆளின் உயரம். வலது கை, இடது கை இரண்டிலும் பந்து பழகியிருக்கிறதா, ஓட்டத்தில் நின்று எறிகிறானா என்று அவனுடைய பயிற்சியாளரிடம் கேளுங்கள். இல்லை என்றால் வங்கி வேலைதான் என் ஓட்டு. சேரும்முன் மூன்றை எழுத்தில் வாங்கப் பாருங்கள்: பயிற்சிக்கு எத்தனை மணிக்கு விடுவார்கள், முதல் பணியிடம் எது, காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது. தர மறுத்தால், மறுத்தார்கள் என்ற செய்தியாவது கையில் இருக்கும். படிப்பை மட்டும் பாதியில் விடச் சொல்லாதீர்கள். பட்டம் இருந்தால் பதவி உயர்வுக்கு உதவும்.

● 2019இல் பால் ஜார்ஜை வாங்க கிளிப்பர்ஸ் கொடுத்த விலை சரியா? சரி என்கிறான் நண்பன், பைத்தியக்காரத்தனம் என்கிறேன் நான். தோற்றவர் ஒரு வாரம் பேக்கரிச் செலவை ஏற்க வேண்டும். தீர்ப்புச் சொல்லுங்கள்.
– இரு நண்பர்கள், பீளமேடு

கிளிப்பர்ஸ் ஓக்லஹோமாவுக்குக் கொடுத்தவை: 20 வயது ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர், கலினாரி, ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகள், தேர்வு வரிசையில் இரண்டு முறை இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை. நண்பர் பக்கத்து நியாயம், ஜார்ஜ் வந்தால்தான் கவாய் லெனர்ட் வருவார் என்ற நிலை. ஆக ஒருவர் விலையில் இருவர். 2021இல் அந்த அணி வரலாற்றிலேயே முதல்முறையாக மேற்குப் பிரிவு இறுதிக்கும் போனது. அன்றைய கணக்கில் அது பைத்தியக்காரத்தனம் இல்லை.

ஆனால் நீங்கள் கேட்டது விலை சரியா என்று. 2024இல் ஜார்ஜ் ஃப்ரீ ஏஜென்டாக ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். பதிலுக்கு கிளிப்பர்ஸுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 2025இல் ஓக்லஹோமா கோப்பையை வென்றது. லீக்கின் சிறந்த ஆட்டக்காரர், இறுதிப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் இரண்டும் ஷே. அவருக்குத் துணை நின்ற ஜேலன் வில்லியம்ஸ், கிளிப்பர்ஸ் கொடுத்த அதே தேர்வுகளில் ஒன்றில் கிடைத்தவர்.

பில்லை நண்பர் கட்ட வேண்டும். ஒரு வாரம் அதிகம். மூன்று நாள் டீயும் தேங்காய் பன்னும் போதும், பப்ஸ் கேட்காதீர்கள்.