முப்பது வயதுக்கு முன் ரபீ ஆக முடியாதா?

கேள்வி: "யூதச் சட்டப்படி முப்பது வயது நிரம்பாதவர் போதிக்கக் கூடாது, அதனால்தான் இயேசு காத்திருந்தார்" என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். அப்படி ஒரு சட்டமே இல்லை.

லூக்கா 3:23 'ஏறக்குறைய முப்பது வயது' என்கிறது, அவ்வளவுதான். காரணம் எதையும் சொல்லவில்லை. அந்த முப்பதை எண்ணாகமம் 4-ஆம் அதிகாரத்தோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். அங்கே பேச்சு, ஆசரிப்புக் கூடாரத்துச் (வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கொண்டுபோன வழிபாட்டுக் கூடாரம்) சாமான்களைச் சுமந்த லேவி கோத்திரத்தாரைப் பற்றியது. சுமை தூக்க 30 முதல் 50 வயது வரை. அதே புத்தகம் 8:24-இல் 25 என்கிறது. 1 நாளாகமம் 23:24-இல் 20. போதிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதோடு, லூக்காவின் வம்சவரிசைப்படி இயேசு லேவி கோத்திரமே அல்ல, யூதா கோத்திரம்.

அடுத்து மிஷ்னாவை, அதாவது பழைய யூத ரபீக்களின் போதனைத் தொகுப்பை, காட்டுவார்கள். அதில் வரும் பழமொழி 'முப்பது பலத்துக்கு, நாற்பது புத்திக்கு, ஐம்பது ஆலோசனைக்கு' என்கிறது. இதை நம்பினால் ஆலோசனை சொல்லவே ஐம்பது வரை காத்திருக்க வேண்டும்! 'எபிரேய ரகசியம்' என்று கட்டணம் வாங்கி வகுப்பு நடத்துகிறவர்கள் இந்த வரியில் முப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர்களிடம் ஜாக்கிரதை.

அப்படியென்றால் வயதுக்கு மதிப்பே இல்லையா? இருந்தது. எலெயாசர் பென் அசரியாவின் கதையைப் பாருங்கள். எருசலேம் ஆலயம் கி.பி. 70-இல் அழிந்தபின், யூத அறிஞர்கள் கூடிய யவ்னே என்ற ஊரில், அவர்கள் தங்கள் தலைவர் இரண்டாம் கமாலியேலை இறக்கிவிட்டு, தலைமை ஏற்கும்படி இவரைக் கேட்டார்கள். ஞானி, பணக்காரர், எஸ்றாவின் வம்சம். வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று போனார். மனைவி சொன்னாராம்: "உங்களுக்கு ஒரு நரைகூட இல்லையே!" அப்போது எலெயாசருக்கு வயது 18 என்கிறது பாபிலோனியத் தல்மூத் (தல்மூத் என்பது மிஷ்னாவை விளக்கும் பெரிய தொகுப்பு, இரண்டு உண்டு); எருசலேம் தல்மூத் 16 என்கிறது. அற்புதமாகப் பதினெட்டு வரிசை முடி நரைத்துப்போனதாக பாபிலோனியத் தல்மூத் சொல்கிறது. 'நான் எழுபது வயதானவன் போல' என்று அவர் சொன்னதாக மிஷ்னாவில் இருக்கும் வரிக்கு இதையே விளக்கமாகத் தருகிறது. கவனியுங்கள், வயதுச் சட்டம் இருந்திருந்தால் அவரைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். குறுக்கே நின்றது ஊரார் பார்வை. அதற்குத்தான் நரை தேவைப்பட்டது.

ஒரு பாடநூல் குழுவுக்கு இந்தத் திருத்தத்தை மூன்று முறை எழுதி அனுப்பினேன். மறுபதிப்பிலும் பழைய முப்பதுதான். என்னத்தைச் சொல்ல!

வகுப்பில், லூக்கா வயதை மட்டும் சொல்கிறார் என்று சொல்லுங்கள். துருதுருவென்று ஒரு பிள்ளை "ஏன் முப்பது?" என்று கேட்டால், யோசேப்பு பார்வோன் முன் நின்றதும் தாவீது ராஜாவானதும் அந்த வயதில்தான் என்று காட்டலாம். சட்டம் என்ற வார்த்தை மட்டும் வேண்டாம்.