எண் ஏறுகிறது, ஆனால் போதவில்லை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எனக்கு 34 வயது. கோவையில் ஐ.வி.எஃப். சிகிச்சை. ஃப்ரீஸ் செய்து வைத்திருந்த 5 நாள் கரு ஒன்றை வைத்தார்கள். 12-ஆம் நாள் பீட்டா ஹெச்.சி.ஜி. 64. 48 மணி நேரம் கழித்து 92. "இன்னொரு தடவை பார்ப்போம்" என்கிறார் டாக்டர். நேற்றிலிருந்து பழுப்பு நிறத்தில் லேசாகப் படுகிறது. கரு இருக்கிறதா, போய்விட்டதா? இனி ஊசியும் மாத்திரையும் எதற்கு? கரு வைத்த மறுநாளே பஸ்ஸில் மலையேறி வந்ததுதான் காரணம் என்று மாமியார் சொல்கிறார்.
வாசகி, கோத்தகிரி

பதில்: முதலில் கணக்கு. பீட்டா ஹெச்.சி.ஜி. என்பது கரு ஒட்டத் தொடங்கியதும் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன். ஏறியது 28. அதை 64-ஆல் வகுத்தால் 44 சதவீதம். முதல் அளவு 1500-க்குக் கீழ் இருக்கும்போது, கருப்பைக்குள் நன்றாக வளரும் கருவில் 48 மணி நேரத்தில் குறைந்தது 49 சதவீதம் ஏறும். பெரும்பாலும் இதைவிட நிறையவே ஏறும். உங்கள் எண் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. வாய்ப்பு குறைவுதான், அதை மறைப்பதில் உங்களுக்கு நன்மையில்லை. ஆனாலும் இரண்டே எண்களை வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது. உங்கள் டாக்டர் மூன்றாவது டெஸ்ட் கேட்பது சரி.

அந்த டெஸ்டுக்குப் போகுமுன் இரண்டு ரிப்போர்ட்டிலும் ரத்தம் எடுத்த நேரத்தைப் பாருங்கள். திங்கள் காலை ஒன்று, புதன் மாலை ஒன்று என்றால் அது 48 மணி நேரம் இல்லை, 56 மணி நேரம். ஏற்றம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். இரண்டும் ஒரே லேபில் செய்யப்பட்டவையா என்பதும் முக்கியம். ஒரே ரத்தத்துக்கு இரண்டு கருவிகள் வெவ்வேறு எண் காட்டும். கோத்தகிரி கலெக்‌ஷன் சென்டரில் கொடுத்தால், சாம்பிள் எந்த லேபுக்குப் போகிறது என்று கேட்டுக் குறித்து வையுங்கள். முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள்; சில கருவிகளில் அது எண்ணைக் குறைத்துக் காட்டும். வீட்டில் கார்டு டெஸ்ட் செய்து கோடு நேற்றைவிட அடர்த்தியா என்று பார்ப்பதில் பயன் இல்லை.

மூன்றாவது எண் இறங்கினால், கரு ஒட்டத் தொடங்கி நின்றுவிட்டது என்று பொருள். சில நாட்களில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமான மாதவிலக்கு போல வரும். எண் 5-க்குக் கீழே வரும்வரை டெஸ்ட் தொடர வேண்டும். நன்றாக ஏறினால் 6 வாரம் முடிந்த பிறகு ஸ்கேன். எங்களுக்கு அதிகக் கவலை தருவது இரண்டுக்கும் நடுவில் தடுமாறும் எண்தான், ஏனென்றால் கருக்குழாயில் தங்கிய கரு பல நேரம் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை கொடுத்துக் கருப்பையைத் தயார் செய்து கரு வைத்திருந்தால், அந்த மாதம் உங்கள் சினைப்பை, கருவைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனைச் சுரந்திருக்காது. வெளியிலிருந்து போவதுதான் மொத்தமும். அதை நிறுத்தினால் பிழைக்கக்கூடிய கருவும் போய்விடும். இதே மருந்து ரத்தப்போக்கைத் தள்ளியும் போடும். அதனால் ரத்தம் வராததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது. அதேபோல பழுப்பாகப் படுவதைக் கெட்ட செய்தியாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே வைக்கும் மாத்திரை உறுத்தியும் அப்படி வரும். டாக்டர் நிறுத்தச் சொன்னால், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் ரத்தப்போக்கு தொடங்கும்.

மலையில் இருப்பவர் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறோம். கரு எங்கே இருக்கிறது என்று தெரியும்வரை வீட்டில் தனியாக இருக்காதீர்கள். ஒரு பக்கமாக அடிவயிற்றில் வலி, தோள்பட்டை முனையில் வலி, கண் இருட்டுதல், மயக்கம், மலம் கழிக்கும் இடத்தில் அழுத்தம், இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் உடனே கிளம்புங்கள். தோள்பட்டை வலியை "கேஸ் பிடிப்பு" என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வயிற்றுக்குள் கசியும் ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. எண் சிறியது, இறங்கத் தொடங்கிவிட்டது என்ற தைரியமும் வேண்டாம். அந்த நிலையிலும் குழாய் வெடிக்கலாம்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கி.மீ. மலைப்பாதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்தால் அதுவும் அடைபடும். இரவிலும் ஆபரேஷனும் ரத்தமும் கிடைக்கும் இடம் எது, ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதா, கீழே இறங்குவதா என்று உங்கள் டாக்டரிடம் இன்றே கேட்டு வையுங்கள். 108-க்கு அழைத்தாலும், காஷுவாலிட்டியில் நுழைந்தாலும் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "ஐ.வி.எஃப்., பீட்டா பாசிட்டிவ், கரு எங்கே இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை." ரிப்போர்ட் ஃபைலும் பிளட் குரூப் கார்டும் ஒரே பையில் இருக்கட்டும்.

பஸ் காரணமே இல்லை. 5 நாள் கரு ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட இருக்காது. ஒட்டியிருக்கும் இரண்டு தோசைக்கு நடுவே மாட்டிய கசகசா மாதிரி கருப்பைச் சுவர்களுக்கு நடுவே இருக்கிறது. ஹேர்பின் வளைவில் பஸ் குலுங்கினால் அது நகராது. கரு வைத்தபின் படுத்தே இருப்பதால் பலன் கூடுவதில்லை என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. இந்தப் பத்தியை மாமியாரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: 5 நாள் கரு வைத்து 24-ஆம் நாள் உள்வழி ஸ்கேன் எடுத்தோம். கரு வளரும் பை 13 மி.மீ., உள்ளே யோக் சாக் (கருவுக்கு முதலில் உணவூட்டும் சிறு பை) இருக்கிறது, கரு தெரியவில்லை. "வளர்ச்சி இல்லை, உடனே க்ளீன் பண்ணிவிடலாம்" என்கிறார்கள். என்ன செய்வது?
வாசகி, குன்னூர்

பதில்: அவசரப்பட வேண்டாம். கர்ப்ப நாளைக் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவதால், 5 நாள் கரு வைத்த நாளில் 19 நாள் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதோடு 24-ஐக் கூட்டினால் 43 நாள், அதாவது 6 வாரம் 1 நாள். இந்த நாளில் கருவும் துடிப்பும் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். ஐ.வி.எஃப்.பில் தேதி தவற வழியில்லை என்பதால் சந்தேகம் நியாயமானதே. ஆனால் சந்தேகத்தை வைத்துக் கருவை எடுக்கக் கூடாது. கரு நின்றுவிட்டது என்று உறுதியாகச் சொல்ல அளவுகள் இருக்கின்றன: பை 25 மி.மீ. ஆகியும் கரு தெரியாமலிருப்பது. கரு 7 மி.மீ. ஆகியும் துடிப்பு இல்லாதது. யோக் சாக்கோடு பை தெரிந்த ஸ்கேனிலிருந்து 11 நாள் கழித்தும் துடிப்புள்ள கரு தெரியாதது. உங்கள் 13 மி.மீ. இதில் எதிலும் சேராது. ரத்தப்போக்கோ கடும் வலியோ இல்லையென்றால் 11 நாளுக்குப் பிறகு, முடிந்தால் அதே இடத்தில், மறு ஸ்கேன் எடுங்கள். அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் வட்டமிடுங்கள். விடை வரும் நாள் தெரிந்தால் காத்திருப்பு கொஞ்சமாவது தாங்கும்.

நின்றுவிட்டது என்று உறுதியானால் தானாக வெளியேறக் காத்திருக்கலாம், மாத்திரை போடலாம், மருத்துவமனையில் எடுக்கலாம். மாத்திரை என்றால் டாக்டர் மேற்பார்வையில், மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். ஒரு மணி நேரத்தில் 2 பெரிய பேட் நனைவது 2 மணி நேரம் தொடர்ந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரி தாண்டினாலோ, நாற்றம் வந்தாலோ தாமதம் கூடாது. எடுப்பது என்றால் "சுரண்டுவீர்களா, உறிஞ்சி எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். சுரண்டுவதால் கருப்பையின் உட்சுவர் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு; மறுபடி கரு வைக்கப் போகும் உங்களுக்கு அந்தச் சுவர் வேண்டும். உறிஞ்சும் முறையே நல்லது. திசுவை மரபணு சோதனைக்கு அனுப்ப நினைத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அது சலைனில் போக வேண்டும். பழக்கதோஷத்தில் யாராவது ஃபார்மலினில் போட்டுவிட்டால் சோதனை கெட்டுவிடலாம். உங்கள் பிளட் குரூப் நெகட்டிவ் என்றால், அடுத்த கருவின் ரத்தத்தை உங்கள் உடல் எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்பதையும் கேளுங்கள். போடுவதானால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: என் மனைவி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். 7-ஆவது வாரத்தில் கலைந்துவிட்டது. ஒரு வாரத்தில் வேலைக்கு வரச் சொல்கிறார்கள். வீட்டில் யாரோடும் பேசுவதில்லை.
வாசகர், நீலகிரி

பதில்: கருச்சிதைவுக்கு 6 வாரம் கூலியோடு விடுப்பு என்பது 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் கொடுத்த உரிமை. தோட்டத் தொழிலாளருக்கும் அது உண்டு. எத்தனை வாரக் கரு என்று சட்டம் குறைத்துப் பார்ப்பதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் கருச்சிதைவு என்றும் அது நடந்த தேதியும் எழுதி வாங்குங்கள். அதன் நகலை விண்ணப்பத்தோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

அவர் பேசாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. சில வாரம்தானே, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்லும்போது அழுவதற்குக்கூட இடமில்லாமல் போகிறது. சொந்தக்காரர்களின் போனை நீங்களே எடுங்கள். "என்ன ஆச்சு" என்ற கேள்விக்கு அவர் ஒவ்வொருவரிடமும் பதில் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது. அடுத்த சிகிச்சை, செலவு, கடன் பற்றிய பேச்சை அவரே எடுக்கும்வரை தள்ளி வையுங்கள். உங்களுக்கும் இது இழப்புதான், அவர் முன்னால் அழுதால் தவறில்லை. 2 வாரம் தாண்டியும் தூக்கமும் சாப்பாடும் இல்லையென்றால், அல்லது சாவைப் பற்றிப் பேசினால் அன்றே, 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு.

கேள்வி: கலைந்து 2 வாரம் ஆகியும் கார்டு டெஸ்டில் பாசிட்டிவ். ஃபோலிக் ஆசிட் தொடரலாமா? அடுத்த கரு எப்போது வைக்கலாம்?
வாசகி, ஊட்டி

பதில்: ஹெச்.சி.ஜி. ரத்தத்திலிருந்து வடிய சில வாரம் ஆகும். கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ரத்த டெஸ்டில் 5-க்குக் கீழ் வந்ததா என்று பாருங்கள். இறங்காமல் நின்றால் உடனே டாக்டரிடம் போங்கள். ஃபோலிக் ஆசிட்டைத் தொடரலாம். கருக்குழாயில் தங்கியதற்காக, கரு வளர்வதை நிறுத்தும் மீத்தோட்ரெக்சேட் ஊசி போட்டவர்கள் மட்டும் டாக்டர் சொல்லும்வரை நிறுத்த வேண்டும். அவர்கள் அடுத்த முயற்சிக்கும் 3 மாதம் பொறுக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஒழுங்கான ஒரு மாதவிலக்கு வந்த பிறகு, உங்களுக்கு மனமும் இருந்தால், டாக்டரைப் பார்க்கலாம். இது இரண்டாவது இழப்பு என்றால் கரு வைக்குமுன் தைராய்டு, ஆன்டிபாஸ்போலிப்பிட் (ரத்தம் உறைவதைத் தூண்டும் எதிர்ப்பொருள்), கருப்பை உட்சோதனை ஆகியவற்றைக் கேளுங்கள். ஆன்டிபாஸ்போலிப்பிட் பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்வார்கள், அந்த இடைவெளியையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.