பிள்ளைகள் ஏன் காயை ஓரம் கட்டுகிறார்கள்? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

வடசென்னையில் ஒரு தொடக்கப்பள்ளியில் 22 வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். வியாதிக்கு மருந்து மட்டும் கேட்காதீர்கள்.

பெரம்பூர் அம்மா: சாம்பார் சாதத்துல இருக்கற காயை எல்லாம் பொறுக்கி ஓரமா வச்சிடறான் அக்கா. ரெண்டாம் வகுப்பு.

எங்கள் பள்ளியிலும் ஒரு பையன் இருந்தான். கேரட் துண்டுகளைத் தட்டின் விளிம்பில் வட்டமாக அடுக்கிவிட்டுத்தான் முதல் வாய் வைப்பான். நான் திட்டவில்லை, ஆனால் வைப்பதையும் நிறுத்தவில்லை, தினமும் ரெண்டே துண்டு. நன்றாகச் சாப்பிடும் பிள்ளை ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். ரெண்டு மாசம் கழித்து ஒருநாள் பார்க்கிறேன், விளிம்பு காலியாக இருக்கிறது. புது ருசி நாக்குக்குப் பழக எட்டு, பத்து, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவைகூட ஆகும். நாம் மூன்றாவது தடவையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அம்பத்தூர் அப்பா: காலையில டீயும் பிஸ்கட்டும்தான், வேற எதையும் தொட மாட்டேங்கறா.

டீயை நிறுத்துங்கள். அதில் இருக்கும் டானின், சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. அரசுப் பள்ளி என்றால் காலை உணவுத் திட்டத்தில் பொங்கல், உப்புமா, கிச்சடி என்று சூடாகவே கிடைக்கும், சீக்கிரம் கிளப்பி அனுப்புங்கள். 2022-ல் வந்த திட்டம்தான், ஆனால் பள்ளியில் பசியாற்றுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1920-லேயே ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்ட ஊர் இது.

கொளத்தூர் அம்மா: பால்ல கலக்கற பவுடர் எது நல்லது?

இன்றைக்கு இது நாலாவது தடவை. எதுவும் வேண்டாம். டப்பாவைத் திருப்பிச் சர்க்கரை எத்தனை கிராம் என்று படியுங்கள். வெறும் பாலும் ஒரு பிடி வேர்க்கடலையும் போதும்.

ராயபுரம் அம்மா: ஸ்கூல் வாசல்ல விக்கற கலர் மிட்டாய்?

வேண்டாம். ரோடமின்-பி என்ற சாயம் இருந்ததால் 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய்க்கே தமிழ்நாட்டில் தடை போட்டார்கள். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தீனியைப் பள்ளிக்கு 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. தலைமை ஆசிரியரிடம் நாலு பேராகப் போய்ச் சொல்லுங்கள்.

வேளச்சேரி அம்மா: முதல் கேள்விக்கு நான் சொல்றேன். பீட்ரூட்டை அரைச்சு தோசை மாவுல கலந்துடுங்க. தெரியாமலே சாப்பிட்டுடுவான்.

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவனுக்குப் பிடித்தது தோசைதான், பீட்ரூட் அவனுக்கு இன்னும் அந்நியம்தான்.

வேளச்சேரி அம்மா: சத்து உள்ள போனா போதாதா? வேலைக்குப் போற வீட்டுல ரெண்டு மாசம் யார் காத்திருப்பா?

உங்கள் அவசரம் புரிகிறது, நானும் வேலைக்குப் போய்க்கொண்டே ரெண்டு பிள்ளைகளை வளர்த்தவள்தான். தோசையில் கலப்பதைக் கலந்துகொள்ளுங்கள், ஆனால் பக்கத்திலேயே ஒரு துண்டைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வையுங்கள். எங்கள் பிள்ளைகள் பீட்ரூட் தின்றுவிட்டு யார் நாக்கு அதிகச் சிவப்பு என்று நீட்டிக் காட்டுவார்கள், அந்த ஆசையிலேயே இன்னும் கேட்பார்கள். அரைத்து மறைத்தால் அது எப்படி வரும்?

மாதவரம் அப்பா: ஆறு மாசமா வெயிட்டே ஏறல.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். பூச்சி மாத்திரை கொடுத்தீர்களா என்று அங்கே கேட்பார்கள். டீ கொடுத்துக்கொண்டிருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

வேளச்சேரி அம்மா: சரி அக்கா, நாளைக்கு ஒரு துண்டு வைக்கறேன்.

வையுங்கள். வைத்துவிட்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், நீங்களும் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிடுங்கள்.