பெர்லின் ஆடினால் கோழையா?

அண்ணா, வணக்கம். பாலக்காட்டில் நடந்த செஸ் போட்டியில் கடைசிச் சுற்று. எதிராளிக்கு என்னைவிட ரேட்டிங் ரொம்ப அதிகம், எனக்குக் கறுப்புக் காய்கள். பெர்லின் டிஃபென்ஸ் என்கிற தற்காப்புத் தொடக்கம் ஆடினேன். எட்டாவது நகர்விலேயே ராணிகள் வெட்டுப்பட்டன, எதிரெதிர் நிறக் கட்டங்களில் ஓடும் மந்திரிகளோடு 52ஆவது நகர்வில் டிரா. வாயனசாலையில் (நூலகத்தில்) செஸ் சொல்லித்தரும் மாஷ் (வாத்தியார்), 'டிராவுக்காகவே ஆடுற ஓப்பனிங், விட்டுடு' என்கிறார். விட்டுவிடவா?
— ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

தம்பி, விடாதீர்கள்.

ராணி போனதும் ஆட்டம் தூங்கிவிட்டது என்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் கறுப்புக்குத் தலைவலியே அப்போதுதான் ஆரம்பம்: ராஜா கோட்டை கட்ட முடியாது, சி வரிசையில் இரட்டைச் சிப்பாய், ராஜா பக்கம் வெள்ளைக்கு நாலு சிப்பாய், நமக்கு மூணு. எல்லாக் காய்களும் மாறி வெறும் சிப்பாய்கள் மட்டும் மிஞ்சினால் பெரும்பாலும் தோல்விதான், ஏனென்றால் வெள்ளை அந்தப் பக்கம் ஒரு சிப்பாயைத் தடுக்க எதிர்ச் சிப்பாய் இல்லாமல் முன்னேறவிடும், நம்முடைய இரட்டைச் சிப்பாயால் அதைச் செய்ய முடியாது. அதனால் ஒவ்வொரு காய் மாற்றத்துக்கும் முன்னால் யோசித்தே ஆக வேண்டும். நீங்கள் கறுப்புக்கட்ட மந்திரியைக் குதிரைக்குக் கொடுத்துவிட்டு, வெள்ளைக்கட்ட மந்திரியை வைத்து இ6, எஃப்5 கட்டங்களை அடைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அது ஒளிந்துகொள்வது இல்லை, நல்ல ஆட்டம்.

2000இல் லண்டனில் நடந்த உலக சாம்பியன்ஷிப் மேட்சில் கிராம்னிக் இதே பெர்லினை வைத்துத்தான் அப்போதைய சாம்பியன் காஸ்பரோவைக் கட்டிப்போட்டார். 15 ஆட்டத்தில் காஸ்பரோவால் ஒன்றுகூட ஜெயிக்க முடியவில்லை. 13 டிரா, கிராம்னிக்குக்கு இரண்டு வெற்றி, அந்த இரண்டும் வெள்ளையில் வந்தவை. கறுப்பில் தாங்கு, வெள்ளையில் அடி, அவ்வளவுதான் கணக்கு.

சரி, மாஷ் சொல்வதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எதிராளி நாலாவது நகர்வில் சிப்பாயை டி3 கட்டத்தில் வைத்தால் ராணி அவ்வளவு சீக்கிரம் போகாது, முழுச் சண்டை. டிரா மட்டுமே மனதில் வைத்துப் படித்திருந்தால் அங்கே திணறுவீர்கள். 2013இல் சென்னையில் நடந்த உலக சாம்பியன்ஷிப் மேட்சின் ஆறாவது ஆட்டத்தில் ஆனந்த் வெள்ளையில் டி3தான் வைத்தார், கார்ல்சன் கறுப்பில் ஜெயித்தார். அதே மேட்சின் நாலாவது ஆட்டம் உங்களுடையது மாதிரி ராணி மாறிய பெர்லின், 64 நகர்வு போய் டிரா, அதில் ஒரு நொடிகூடத் தூக்கமில்லை. இரண்டையும் போர்டில் வைத்து ஆடிப் பாருங்கள், முடிந்தால் மாஷையும் எதிரே உட்கார வைத்து.

அப்புறம், மந்திரியை எந்த நகர்வில் மாற்றினீர்கள், அப்போது கடிகாரத்தில் எவ்வளவு நேரம் இருந்தது, இரண்டையும் எழுதுங்கள்.